கையில் கூடிய கனம்

மார்ச் 3
தையல்கார அக்கா, சர்க்கஸ் பாரில் தொங்கிப் பறக்கும்போது நான் போடும் உடையை மறுபடியும் பிரித்தாள். "இனிமே பிரிக்கறதுக்குத் துணி இல்லடி, ஒட்டுதான் போடணும்" என்றாள். போடு என்றேன். கோமாளியின் கால்சட்டையில் மிச்சமான துண்டை எடுத்து வைத்துப் பார்த்தாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். வெளியே வந்து அழுதேன். போன வருஷம் "காத்தடிச்சா பறந்துடுவ" என்றவளும் இவள்தான்.

மார்ச் 7
சர்க்கஸ் எந்த ஊரில் கூடாரம் போட்டாலும் நான் முதலில் தேடுவது ஆஸ்பத்திரியைத்தான். மூன்று மாதத்துக்கு ஒரு கருத்தடை ஊசி. உடம்பு போடுவது இதனாலா என்று நர்ஸிடம் கேட்டேன்.

"எல்லாருக்கும் இல்ல, சிலருக்குப் போடும். பசியும் கூடும். மாதவிலக்கும் நின்னிருக்குமே? முதல் ஊசியப்பவே சொல்லியிருப்பாங்களே?"

சொன்னார்கள். மாத்திரை என்றால் வீட்டுக்காரர் கண்ணில் படும், ஊசி படாது. அன்று என் காதில் விழுந்தது அது மட்டும்தான். வேறு முறைக்கு மாற்றலாமா என்றாள். வேண்டாம் என்று தோளைக் காட்டினேன்.

அவருக்குக் குழந்தை வேண்டும். எனக்கும் வேண்டாம் என்றில்லை. ஆனால் வயிற்றில் ஒன்று வந்தால் பாரை விட்டு இறங்க வேண்டும். இறங்கியவள் திரும்ப ஏறி நான் பார்த்ததில்லை. வாசலில் டிக்கெட் கிழிக்கும் அக்காவும் ஒரு காலத்தில் பறந்தவள்தான். இரண்டு வருஷம் போகட்டும் என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். அவர் முகம் வாடுமே என்று ஊசிக்கு ஓடினேன்.

மார்ச் 15
ராத்திரி ஒரே ஒரு ரொட்டி என்று சபதம். மூன்று தின்றேன். வயிறா இது, கிணறா?

மார்ச் 22
எதிர்ப் பாரில் தலைகீழாகத் தொங்கி எங்களைப் பிடிப்பவர் என் வீட்டுக்காரர்தான். மற்ற பிள்ளைகளுக்கு "விடு!" என்று குரல் கொடுப்பார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே எனக்கு மட்டும் கொடுத்ததில்லை. அவர் கை விரியும், நான் கம்பியை விடுவேன், அவ்வளவுதான். இன்று பிடித்ததும் அவர் முகத்தில் ஏதோ ஓடியது. வலியா, சிரிப்பா? தலைகீழான முகத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

கனம் தெரிந்துவிட்டது. அந்தக் கைக்குத் தெரியாமல் இருக்குமா?

ஏப்ரல் 2
காட்சிக்கு முன் வலையின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறார். எதற்கு என்றால், "சும்மாதான்." நான் விழுவேன் என்று முடிவே கட்டிவிட்டார்! தண்ணீர் வாளியைத் தொட விடுவதில்லை. தன் முட்டையை என் தட்டில் வைக்கிறார். குத்திக் காட்டுவதில் இது ஒரு தினுசு போல.

ஏப்ரல் 11
மாஸ்டர் கூப்பிட்டார். "நாளையிலேர்ந்து நீ மேல ஏற வேண்டாம்மா. உன் வீட்டுக்காரர்தான் வந்து கேட்டுக்கிட்டாரு."

குண்டாயிட்டேன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்ல வாய் வரல. மாஸ்டர்கிட்ட போய்ச் சொல்ல மட்டும் வருதா? என் பிழைப்புல மண்ணப் போட இவருக்கு எப்படி மனசு வந்துச்சு?

ஏப்ரல் 12
கத்தித் தீர்த்தேன். "நான் கனக்கறேன்னா எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

அவர் சிரித்தார். வாயெல்லாம் பல்.

"நீயா சொல்லுவேன்னு எத்தன நாள்தான் காத்துட்டிருக்கறது? நாள் வேற தள்ளிப் போயிருக்கு. எனக்குத் தெரியாதா? உங்க ரெண்டு பேரையும் சேர்த்துல்ல பிடிச்சிட்டிருக்கேன்!"

ரெண்டு பேரையும்.

அந்த வலை. அந்த வாளி. அந்த முட்டை. கடவுளே, நான் என்னென்ன நினைத்தேன்!

ஊசியைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் கை தப்பு பண்ணாதுன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஏப்ரல் 13
பேசவில்லை. இரண்டு அறையாவது விட்டிருக்கலாம்.

ஏப்ரல் 29
கீழே நின்று புதுப் பிள்ளைகளுக்குக் கை வழுக்காமலிருக்கச் சுண்ணப்பொடி எடுத்துக் கொடுக்கிறேன். அவர் பேசுகிறார். சாப்பிட்டியா, தூங்கு, கதவைச் சாத்து. முட்டையை அவரே சாப்பிடுகிறார்.

உடம்பு கூடியதற்கு இப்போதெல்லாம் அழுவதில்லை. ஒரே ஒரு நாள் உட்கார வைத்து, "எனக்குப் பறக்கணும், கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பார். நிச்சயம் பொறுத்திருப்பார். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு எத்தனை தடவை எனக்காகக் காத்திருக்கிறார்.

ஜூன் 6
ஊசிக்கு நாள் வந்தது. நர்ஸிடம் போய் இனி வேண்டாம் என்றேன். "நிறுத்தினாலும் உடனே தங்காதும்மா, சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். எடையும் மெதுவாத்தான் இறங்கும்" என்றாள். வந்து அவரிடம் சொன்னேன்.

"உன் இஷ்டம்" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்தால் தேவலை.

ஜூன் 14
மாஸ்டர் மறுபடி ஏறச் சொன்னார். தடை ஒன்றுமில்லை என்று என் வீட்டுக்காரரே போய்ச் சொல்லியிருக்கிறார். ஒட்டுப் போட்ட உடையோடு ஏறினேன். இதற்காகத்தானே இத்தனையும்?

கம்பியைப் பிடித்து வீசிப் போனேன். அவர் கை விரிந்தது. நான் விடப்போகும் நேரத்தில் சத்தம் கேட்டது.

"விடு!"

புதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அதே குரல்.

விட்டேன். பிடித்தார். சரியாகத்தான் பிடித்தார்.