சேலா என்றால் டீ

மச்சான்,

இன்று காலை செங்கல்பட்டு மார்க்கெட்டில் உன்னால் என் மானம் போயிற்று. மீன் கடைப் பக்கம் சும்மா நடந்துகொண்டிருந்தேன். ஐஸ் மேல் ஒரு சீலா மீன் கிடந்தது. திமிங்கலத்துக்குத் தாய்மாமன் போல ஒரு நீளம், வாய் கொள்ளாத பல். அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் வலது கை தானாக மேலே போய் நின்றது. நானும் நின்றுவிட்டேன்.

"இன்னா நைனா, கைய தூக்கினு நிக்கிற? மீனு வாணுமா, வாணாமா?" என்றாள் மீன்கார அம்மாள்.

"கை மரத்துப் பூடுச்சிம்மா."

"மரத்துப்போன கைய அந்தாண்ட போயி தூக்கு. யாவாரம் கெடுது."

கை ஏன் மேலே போயிற்று என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உனக்குத் தெரியும். தெரிந்தாலும் கேள். உன்னிடம் சொல்லாமல் நான் எதையும் செரித்ததில்லை.

கொளவாய் ஏரிக் காற்று வருகிற கிரேஸ் டீச்சர் வீட்டு முன்னறையில், ஞாயிறு சாயங்காலம் ஐந்து பேர் கூடுவோம். டீச்சர், நான், நீ, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் தேவராஜ். சமையலறை வாசலில் உன் மனைவி எஸ்தர். அவளுக்கு எழுத்து வராது, கேட்க வருவாள். பைபிளில் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை, ஆளுக்கு ஓர் அதிகாரம், முறை வைத்து, ஒரு வரி தாண்டாமல். உலக வரலாற்றில் இத்தனை சிறிய படை இத்தனை பெரிய புத்தகத்தின் மேல் படையெடுத்ததில்லை.

விடியலில் மாமல்லபுரம் கரையில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியோடு மொபெட்டில் வருவாய். அந்த மொபெட் சத்தத்துக்குப் பயந்துதான் திருக்கழுக்குன்றத்துக் கழுகுகள் ஊரையே காலி செய்தன என்பது என் ஆராய்ச்சி முடிவு. இங்கே தெருவில் நீ "மீனே" என்று குரல் கொடுத்தால் பொத்தேரி ஹாஸ்டலில் தூங்குகிற பிள்ளை எழுந்து உட்காரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சோப்பு தீரத் தீரக் குளித்துவிட்டு வருவாய். அப்படியும் வாடை உனக்கு முன்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.

"மச்சான், இந்த வாடைக்கு நோவா பேழைலேர்ந்து மிருகமெல்லாம் எறங்கி ஓடிடும்" என்றேன் ஒருநாள்.

"ஓடட்டும் அண்ணாத்த. மீனு பேழைல ஏறவே இல்ல. அதுங்களுக்கு மழ இன்னா, வெள்ளம் இன்னா" என்றாய். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் வரை சிரித்தார்.

சங்கீதம் தொடங்கிய வாரம் அது நடந்தது. உன் முறை. முழுக் குரலில் படித்துக்கொண்டு வந்தவன் ஒரு சொல்லில் நின்றாய்.

"டீச்சர், தாவீது ராஜா சீலா துன்னுவாரா?"

"சீலா இல்லப்பா, சேலா. அதுக்கு என்ன அர்த்தம்னு யாருக்கும் சரியா தெரியாது. பாட்டை இங்க கொஞ்சம் நிறுத்துன்னு சொல்றதா இருக்கலாம்."

"நிறுத்திக்கினு இன்னா பண்றது?"

"டீ குடிக்கிறது" என்று நான் எபிரேயப் பண்டிதனைப் போலத் தீர்ப்பு வழங்கினேன்.

அன்றிலிருந்து அது சட்டமாயிற்று. சேலா வந்தால் படிப்பவர் வலது கையைத் தூக்க வேண்டும். எல்லோரும் சற்று நேரம் பேசாமல் இருக்க வேண்டும். பிறகு எஸ்தர் டீ கொண்டு வருவாள். சில சங்கீதங்களில் சேலாவுக்கு மேல் சேலா. அந்தப் புத்தகம் முடிவதற்குள் என் உடம்பில் ரத்தம் போய் டிகாஷன் ஓடத் தொடங்கியிருந்தது. முடிந்த அன்று டீச்சர், "இனிமே அந்த வார்த்தை வராதுன்னு நெனைக்கிறேன்" என்றார்.

"அப்ப டீ?" என்றாய்.

"டீ வரும்பா."

"அது வேற டீ, டீச்சர்."

நீதிமொழிகளுக்கு வந்தபோது உன் தொண்டை கட்டியது. தெருவில் கத்துகிற தொண்டைதானே என்று இருந்தோம். ஏசாயா படிக்கும்போது பெரிய ஆஸ்பத்திரியில் நோயின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். குரலை எடுத்தால்தான் ஆளை வைத்திருக்க முடியும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டில் என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"குரல் போனா போவட்டும் அண்ணாத்த. என் மொறைய மட்டும் யாருக்கும் குடுத்துடாத."

சரியென்று உன் கையில் அடித்துக் கொடுத்தேன்.

கழுத்தில் துணி கட்டிக்கொண்டு நீ திரும்பி வந்த ஞாயிறு எரேமியாவில் இருந்தோம். உன் முறை வந்தது. தேவராஜ் நல்ல மனசோடுதான், "அண்ணே, உங்களதையும் நானே படிச்சிடறேன்" என்று கையை நீட்டினான். நீ புத்தகத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாய். அப்புறம் முதல் வரியில் விரலை வைத்து நகர்த்தத் தொடங்கினாய். எங்களுக்குப் புரிந்தது. அவரவர் புத்தகத்தில் குனிந்து உன்னோடு நடந்தோம். நீளமான அதிகாரம். அறையில் உன் கழுத்துத் துணிக்குள் காற்று போய் வருகிற சத்தம் மட்டும். முடிந்ததும் பக்கத்தைத் தட்டினாய். அடுத்தது என் முறை. வாயால் படிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

எசேக்கியேல் முடியவில்லை. நீ முடிந்துவிட்டாய்.

அடக்கம் ஆன பின் கூடிய ஞாயிறு தேவராஜ் மெதுவாகக் கேட்டான்: "இனிமே மூணு பேருதானண்ணே சுத்தி வரணும்?"

"இல்ல. நாலு."

"செத்தவங்களுக்கு மொறையா அண்ணே?"

"குடுக்காதன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்" என்றேன். டீச்சர் உன் நாற்காலியை இழுத்து வட்டத்துக்குள் போட்டார். எஸ்தர் சமையலறை வாசலிலிருந்து எழுந்து வந்து அதில் உட்கார்ந்தாள். உன் முறை வரும்போது நாங்கள் மனதுக்குள் படிப்போம். அவள் உன் புத்தகத்தை மடியில் வைத்து, எழுத்தறியாத விரலை வரி மேல் ஓட்டுவாள். சில நாள் பக்கமே வேறாக இருக்கும். யாரும் திருத்துவதில்லை.

அப்படித்தான் ஆபகூக் வந்தது. சின்னஞ்சிறு புத்தகம். அதன் கடைசி அதிகாரம் உன் முறையில் விழுந்தது. குனிந்து படித்துக்கொண்டு போனேன். சேலா. சங்கீதத்தோடு போய்விட்டதென்று நாங்கள் கைகழுவிய சொல், உன் அதிகாரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கையைத் தூக்கினேன். டீச்சர் கையும் மேலே இருந்தது. தூங்காமல் இருந்த தேவராஜ் கையும்.

எஸ்தர் எங்கள் கைகளைப் பார்த்தாள். "இங்கயும் அது கீதா?" என்றாள்.

"கீது."

புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு டீ போட உள்ளே போனாள். வெகுநேரம் அடுப்புப் பற்றவைக்கிற சத்தமே கேட்கவில்லை. கடைசியில் தேவராஜ் எழுந்து போனான். வந்த டீயில் சர்க்கரை இல்லை. குடித்தோம்.

ஏன் மச்சான், இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா? அதைப் பார்த்திருந்தால், கடலையே வலையில் இழுத்து வந்தவன் மாதிரி எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்திருப்பாயே.

இப்போது அப்போஸ்தலருடைய நடபடிகளில் இருக்கிறோம். போன வாரம் டீச்சரிடம் கேட்டேன். இந்தத் தடவை நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார். கடைசிப் பக்கம் வரை அந்தச் சொல் இல்லையாம். இனி சீலாவாக ஐஸ் மேல் கிடந்தால்தான் உண்டு. ஊர் பார்க்க மார்க்கெட்டில்தான் என் கை தூக்கிக்கொண்டு நிற்கும் போலிருக்கிறது.

நாளைக்கு ஞாயிறு. முதல் அதிகாரம் உன்னுடையது. யாருக்கும் கொடுக்கவில்லை.