மெயினை அணைத்ததும் செத்த போன்

செவ்வாய்க்கிழமை, இரவு.

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

சாயங்காலம் இடி மழை. அச்சங்குளம் பக்கம் புகை எழும்பியது. அம்மா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி அங்கேதான். உள்ளே செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் அவள் போன் என்னிடம்தான் இருக்கும். கம்பெனி ஆபீஸ் போனுக்கு அடித்தேன். மணியே போகவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். பிறகு வாசலில் நின்றேன். அழுகை வரவில்லை.

இருட்டியதும் அம்மா நனைந்துகொண்டே வந்தாள். எரிந்தது பக்கத்துக் கம்பெனியாம்.

"ஏம்மா, ஆபீஸுக்குப் போன் போகவே இல்ல?"

"பழைய கம்பி போனத்தான் எடுத்துட்டாகளே. இப்ப நெட்டுல ஓடுற போனு. மின்னல் வெட்டுனா மெயின் சுவிட்ச அணைப்பாகல்ல, கரண்டு இல்லன்னா அதுவும் செத்துரும்."

தலை துவட்டத் துண்டை நீட்டினேன்.

"ஏ புள்ள, போன்தான செத்துச்சு, நானா செத்தேன்? சோத்தப் போடு."

போட்டேன். என் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

நாளைக்கும் இடி மழை இருக்குமாம். சீசன் நேரம், லீவு கிடையாது. போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. காலையில் வழக்கம்போல் தூக்குவாளியில் சோறு கட்டிக் கொடுப்பேன். அம்மா புரண்டு படுக்கிறாள்.