பூட்டு இருக்கிறது, கதவு எங்கே?

அன்பு மகளுக்கு,

கட்டிக்கொண்டிருந்த மேம்பாலம் மத்தியானம் இடிந்து விழுந்து, வேலையாட்கள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்ததால் ஒரு உயிர்கூடப் போகவில்லையே, தியேட்டர் திரை படம் ஓடும்போதே பற்றிக்கொண்டதே, அந்த வருஷத்துக் கதை ஒன்றை உனக்குச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் நலம் சொல்லிவிடுகிறேன். என் முழங்காலைத் தவிர இங்கே மற்ற எல்லாம் சுகம், உன் அம்மா சுகம், அவள் கோபமும் சுகம். போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நீ அழுகிறாய், நான் இருமுகிறேன், உன் அம்மா நடுவில் பிடுங்கி சாப்பிட்டாயா என்று கேட்கிறாள், அதோடு பேச்சு முடிந்துபோகிறது. அதனால்தான் எதிர்வீட்டு டெய்லரம்மாவை உட்காரவைத்து நான் சொல்லச் சொல்ல எழுதவைக்கிறேன். எனக்கு எழுத்துதான் வராது, ஞாபகம் வரும். மூச்சு விட்டு நிறுத்திச் சொல்லுங்கள் அண்ணே என்கிறாள், என் பேச்சு எல்லா ஸ்டாப்பிலும் நிற்கிற பஸ் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நீ போனில் அனுப்பிய நீளமான செய்தியை அவள்தான் இரண்டு தடவை படித்துக் காட்டினாள். ஒரு ஹாலைப் பலகை வைத்து மூன்றாகத் தடுத்து மூன்று பெண்களுக்கு விட்டிருக்கிறாள் உன் வீட்டுக்காரம்மா, ஜன்னல் இல்லாத துண்டு உன்னுடையது, அதற்கே உன் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகிறது, இப்போது அதையும் ஏற்றுகிறாளாம். மற்ற இரண்டு பேரும் சரி என்றுவிட்டார்கள், எனக்குத்தான் முடியவில்லை, மாசக் கடைசியில் காலி பண்ணிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று முடித்திருக்கிறாய். உன் சித்தப்பாவுக்கு இதைக் கேட்டதும் முகத்தில் பல்பு எரிந்தது. நாற்காலி மேஜை விற்கிற கடையில் கல்லாவில் உட்காரவைக்க அவனுக்குத் தெரிந்தவன் இருக்கிறானாம், "அப்பவே சொன்னேன், பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பாதன்னு" என்று இரண்டு டம்ளர் காப்பி குடிக்கிற வரைக்கும் சொன்னான். மூன்றாவது டம்ளர் கிடையாது, எழுந்து போடா என்றேன். நீ கட்டடத்துக்குப் படம் போடப் படித்தவள். உன் படிப்புக்கு இந்த ஊரில் நாற்காலி இல்லை, விற்கிற நாற்காலிதான் இருக்கிறது.

எனக்கு ஒன்றே ஒன்று சொல். மற்ற இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள் என்று உனக்கு யார் சொன்னது? அந்தப் பெண்களா, வீட்டுக்காரம்மாவா? டெய்லரம்மாவை அந்த இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னேன். வீட்டுக்காரம்மா சொன்னதாகத்தான் எழுதியிருக்கிறாய். அடி பைத்தியமே, பலகைக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் தும்மினால் உனக்குக் கேட்கிறது, இதைக் கேட்கவில்லையா?

இப்போது அந்த வருஷம். நான் டிப்போவில் பஸ் கழுவிக்கொண்டிருந்தேன், உன் அம்மாவை அப்போது பார்த்ததுகூடக் கிடையாது. வரிசையாக ஆறு அறை, ஒரே குழாய், ஒரே கக்கூஸ். ஒரு அறையில் நான், பக்கத்தில் வெல்டர், அதற்கடுத்து இஸ்திரிக்காரர், பேண்டு வாசிக்கிற அண்ணன் தம்பி, ஆஸ்பத்திரி ஆயா. குழாயை ஒட்டின அறையில் சோப்புக் கம்பெனியில் சோப்புக்குக் காகிதம் சுற்றுகிற ஒருத்தி, பேர் என்னவோ இருந்தது, நாங்கள் கூப்பிட்டது சைரன். அவள் வாயைத் திறந்தால் ஷிப்டு மாறிவிட்டது என்று தெருவே எழுந்துகொள்ளும். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். ஒவ்வொரு கதவாகத் தட்டி, "அடுத்த ரூம்காரன் சரின்னுட்டான், நீதான்பா பாக்கி" என்று காதோடு சொல்லிக்கொண்டே வந்தார். நாங்களும் மாடு மாதிரித் தலையாட்டினோம். குழாயடிக்கு வந்தபோது சைரன் வாளியைக் கீழே வைத்து, "எவன்டா சரின்னது? கையத் தூக்கு பாப்போம்!" என்று ஒரு கத்து. ஒரு கையும் மேலே போகவில்லை. அன்றிலிருந்து யாரும் தனியாகக் கொடுப்பதில்லை, ஆறு அறையின் பழைய வாடகையும் அவள் கையால்தான் போகும் என்று முடிவாயிற்று.

மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. வண்டியோடு ஆட்களைக் கூட்டிவந்து ஆறு கதவையும் கழற்றி எடுத்துப் போய்விட்டார், மானத்துக்குப் பயந்து ஓடிவிடுவோம் என்று கணக்கு. சைரன் வாசலில் புடவையைத் திரையாகக் கட்டினாள், நாங்கள் சாக்கைத் தொங்கவிட்டோம். இஸ்திரிக்காரர் ஊரார் துணிக்குப் பயந்து வாசல்படியிலேயே குறுக்கே படுத்தார், எல்லோரும் அவரைத் தாண்டித் தாண்டி, மனுஷன் வளராமலே போய்விடுவார் என்று வெல்டர் சிரிப்பான். கஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன், குளிர் இருந்தது, கூச்சம் இருந்தது, என் புதுச் செருப்பு போனது போனதுதான். அப்புறம் ஒரு நாள் ஆயா வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவள் சாமானை வெளியே தூக்கிப் போட்டு அறையைப் பூட்டிவிட வந்தார் வீட்டுக்காரர். கையில் இவ்வளவு பெரிய பூட்டு. வாசலுக்கு வந்து நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். சைரன் மெதுவாகத்தான் கேட்டாள், அவளுடைய மெதுவாக என்றால் நாலு தெருவுக்கு. "பூட்டு நல்லா இருக்கு அண்ணே, கதவு எங்கே?" தெருவே சிரித்தது. பூட்டைச் சட்டைப்பையில் திணிக்கப் பார்த்தார், பை கிழிந்தது. அடுத்த வாரம் கதவுகள் திரும்பி வந்தன. என் கதவு தொலைந்துபோயிற்றாம், எனக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு கக்கூஸ் கதவைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள், கீழே முழங்கால் வரை திறந்தே கிடக்கும், அதோடுதான் கல்யாணம் வரைக்கும் இருந்தேன். வாடகை ஏறாமல் இல்லை, ஏறியது, அவர் கேட்டதில் கால்வாசி. ஆனால் யாரும் போகவில்லை.

அதனால் நீ வராதே. உன் அம்மா உன் கட்டிலைத் தட்டிப் போட்டுவிட்டாள், வரட்டுமே என்கிறாள், அவளிடம் நான் சண்டை போட்டுக்கொள்கிறேன். விருந்தாளியாக வா, தோற்றுப்போய் வராதே. இன்றைக்கே அந்த இரண்டு பெண்களையும் உட்காரவைத்துக் கேள், மூன்று வாடகையையும் ஒரே கையால் கொடுங்கள். வீட்டுக்காரம்மா உன்னைத் தனியாகக் கூப்பிட்டால் மூன்று பேராகப் போங்கள். குளித்த தலையோடு அந்த ஜன்னலில்லா அறையில் படுக்காதே. நீ நன்றாக இருப்பாய், நிமிர்ந்து இருப்பாய். கீழே இருப்பது என் கட்டைவிரல், நடுவில் தழும்பு ஓடும், அதுதான் அடையாளம்.

இப்படிக்கு,
உன் அப்பா

விரல் வைத்த பிறகும் டெய்லரம்மாவைப் பிடித்துவைத்து இதைச் சொல்கிறேன். வெல்டர் போய்விட்டான், இஸ்திரிக்காரர் போய்விட்டார், பேண்டு அண்ணன் செத்த வருஷமே தம்பியும் போனான், ஆயா தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடினாள். அந்த வரிசையில் என்னைத் தவிர மிச்சம் ஒரே ஆள், உன் ஊரிலேயே பேரன் வீட்டில், உனக்கு இரண்டு பஸ் தூரத்தில். நேற்று போன் போட்டோம், டெய்லரம்மா போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். முழுக் கதையும் கேட்கவில்லை, "எந்த வீடு, என்னைக்கு வர்றா அவ வாடகை வாங்க?" என்று மட்டும் கேட்டாள். நீ எழுதியிருந்தபடி ஞாயிற்றுக்கிழமை என்றோம், அன்றைக்குப் படிக்கட்டில் சத்தம் கேட்டால் பயப்படாமல் கதவைத் திற, வருவது சைரன்.