அறைக்குப் பதினேழு நிமிடம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கண் விழித்தபோது எந்த ஊரில் இருக்கிறேன் என்று தெரியவில்லை. இடது பக்கம் கையை நீட்டினால் விளக்கின் ஸ்விட்ச். நீலத் திரை. சுவரோடு ஒட்டிய மேசை. கதவுக்குப் பின்னால் மூன்று கொக்கிகள். எங்கள் ஹோட்டல்தான், அது மட்டும் தெரிந்தது. எத்தனையாவது? கீழே இறங்கி வரவேற்பில் கேட்ட பிறகுதான் நிதானம் வந்தது. பத்தொன்பது.

"எந்தக் கிளைக்குப் போனாலும் விருந்தாளி கண்ணை மூடிக்கிட்டே ஸ்விட்சைத் தொடணும்" என்பார் சின்னவர். பழைய முதலாளியின் மகன். அப்பா ஒரே ஒரு ஹோட்டலை இருபது வருடம் நடத்தினார். இவர் ஆறே வருடத்தில் பதினெட்டைச் சேர்த்துவிட்டார். விருந்தாளிகள் எப்படியோ, நான் தொடுகிறேன்.

இன்று பதினான்கு புதுப் பெண்கள். ஹோட்டல் திறப்பு விழாவுக்குள் அறை சுத்தம் செய்யக் கற்றுத் தர வேண்டும். ஒருத்தி கேட்டாள்: "மேடம், நீங்களும் ரூம் க்ளீன் பண்ணியிருக்கீங்களா?" பதினாறு வருடம் என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

மார்ச் 6, வியாழன்

மகள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மார்ச் 12, புதன்

இன்று என்னைப் படம் பிடித்தார்கள். ஓர் அறையை முதலிலிருந்து கடைசிவரை சுத்தம் செய்து காட்ட வேண்டும். எல்லாக் கிளைகளிலும் அதைப் போட்டுக் காட்டுவார்களாம். சின்னவரே வந்திருந்தார். அவர் கைபேசியில் நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் ஹோட்டலில் ஓர் அறைக்கு எப்போதும் இரண்டு பேர். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ரேடியோ. வாய் ஓயாது என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். விரிப்பை உதறி முடிப்பதற்குள் மாமியார் கதை பாதி வந்திருக்கும். மீதி குளியலறைக்குள்ளிருந்து எதிரொலியோடு வரும். இன்று தனியாகச் செய்தேன். பேச ஆளில்லை, கை ஓட்டமாய் ஓடியது.

பதினேழு நிமிடம்! சின்னவர் கை தட்டினார். "அக்கா, அசத்திட்டீங்க. இருபத்தஞ்சு நிமிஷமாவது ஆகும்னு நெனச்சேன்." சுற்றி நின்றவர்களும் தட்டினார்கள். அவர் பள்ளிக்கூடப் பையோடு முதல் ஹோட்டலுக்கு வந்த காலத்தில் "தம்பி" என்று கூப்பிட்டவள் நான். இன்று "தேங்க்ஸ் சார்" என்றேன்.

எனக்கு ஒருவர் கை தட்டி எத்தனை வருடம் ஆயிற்று? வீட்டுக்காரர் இருந்தபோதே... சரி, விடு.

மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நல்லதும்மா. மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்."

மார்ச் 29, சனி

சுற்றறிக்கை வந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து எல்லாக் கிளைகளிலும் அறைக்கு ஒருவர்தான். பதினெட்டு நிமிடம். "ஒரு நிமிஷம் போனஸ்க்கா" என்று சின்னவர் போனில் சிரித்தார். 'பயிற்சித் தலைவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து வேண்டுமாம். போட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இருபத்தோராவது ஹோட்டல். மதியம் ரேடியோ கூப்பிட்டாள்.

"உன் படத்தைப் போட்டுக் காட்டினாங்கடி."

"எப்படி இருக்கு?"

"ஊமைப் படம் மாதிரி இருக்கு. வாயைத் தொறக்கவே இல்லையே நீ?"

சிரித்தோம். பிறகு சொன்னாள்: "இடுப்பு விட்டுப்போச்சுடி. எவ்வளவு முக்கினாலும் இருபத்தாறு ஆகுது. சூப்பர்வைசர் தினமும் குறிச்சுக்கறார்."

"போகப் போகப் பழகிடும்" என்றேன்.

"சரி, வெக்கறேன்" என்றாள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. இவளா?

பழகிடும். அதையா சொன்னேன் நான்?

மே 8, வியாழன்

இருபத்திரண்டாவது ஹோட்டல். இரண்டாம் மாடியில் நடந்தேன். எட்டு அறைகள் திறந்திருந்தன, எட்டிலும் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள், மாடியில் பேச்சுக்குரல் இல்லை. கடைசி அறையில் மட்டும் யாரோ பேசுவது கேட்டது. எட்டிப் பார்த்தால், ஒரு பெண் தலையணையிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். "நீ இங்க உக்காரு. நீ அந்தப் பக்கம்."

என்னைப் பார்த்ததும் வெலவெலத்துப்போனாள். "சும்மா மேடம். யார்கிட்டயாவது பேசணும்ல?"

திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு அடுத்த மாடிக்குப் போனேன்.

மே 15, வியாழன்

மூன்று முறை எச்சரித்தும் நேரத்துக்குள் முடிக்காதவர்கள் பட்டியல் என்று ஒன்றை அனுப்பினார்கள். நாற்பத்தொரு பேர். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். காலையிலிருந்து பல் வலி.

மே 19, திங்கள்

முதல் ஹோட்டல் சூப்பர்வைசர் வேறு எதற்கோ கூப்பிட்டார். வைக்கும்போது சொன்னார்: "ரேடியோ அக்காவை நிறுத்தியாச்சு மேடம். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க..."

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இருபத்தேழாவது வரி. அவளுடைய முழுப்பெயர், அப்பா பெயரோடு. அவள் கல்யாணப் பத்திரிகையில் பார்த்த பெயர்தான். அன்று அந்த வரியையும் படித்தேன், நன்றாக நினைவிருக்கிறது. யாரோ ஒருத்தி என்று தாண்டிப் போய்விட்டேன்.

பதினாறு வருஷம். ஒரே கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் நின்னவ. அவ பேரே தெரியாம வெட்டியிருக்கேனே. என்ன ஜென்மம் நான்.

ஜூன் 1, ஞாயிறு

நான்கு மணி நேரம் பஸ். ரேடியோ இடுப்பில் பட்டை கட்டியிருந்தாள். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். எதிரில் உட்காராமல் துணி மடித்துக்கொண்டே இருந்தாள்.

பெயர் விஷயத்தைச் சொன்னேன். ஒளிக்கவில்லை.

"தெரிஞ்சே பண்ணியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்," என்றாள். "நீ வேணும்னு செய்யல. அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது."

"நான் சின்னவர்கிட்ட பேசறேன்."

"எனக்காகப் பேசாத. நான் வர்றதா இல்ல." ஒரு சட்டையை மடித்து முடித்தாள். "அந்தப் படத்துல ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீ குப்பைத்தொட்டியைத் தூக்கறப்ப அதுல ஒண்ணுமே இல்லையே. எந்த ரூம்டி அது?"

எழுந்து வந்துவிட்டேன். வாசல் வரை அவள் வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

தலைமை அலுவலகம். சுவரில் பெரிய வரைபடம். இருபத்துநான்கு சிவப்புக் குண்டூசிகள். இன்னும் குத்தாத ஊசிகள் ஒரு கிண்ணத்தில். அறைக்கு இரண்டு பேர் வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"அந்த ரூம்ல யாரும் தங்கல சார்."

"எந்த ரூம்?"

"படம் எடுத்த ரூம். திறப்புக்கு முன்னாடி எடுத்தது. மெத்தை மேல இருந்த பிளாஸ்டிக்கையே அன்னைக்குத்தான் பிரிச்சோம். ஒரு முடி இல்ல, ஒரு கறை இல்ல. அதைச் சுத்தம் பண்ண பதினேழு நிமிஷமே அதிகம்."

பேனாவைக் கீழே வைத்தார். "இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீங்க கை தட்டினீங்க."

எனக்கே கேட்க ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் அதுதான் காரணம், வேறு இல்லை.

ஊசிக் கிண்ணத்தை மேசையோரம் நகர்த்தினார். "ரெண்டு பேர்லாம் முடியாதுக்கா. அப்பா காலம் வேற. இருபத்துநாலு ஹோட்டல் படுத்துடும்."

"சரி. ஆளு தங்கின ரூமா ஒண்ணு கொடுங்க. நானே பண்றேன். நீங்க நின்னு பாருங்க."

ஜூன் 14, சனி

கொடுத்தார். இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பம் மூன்று நாள் தங்கிவிட்டுப் போன அறை. கம்பளத்தில் பிஸ்கட் தூள், சுவரில் பச்சைக் கிறுக்கல், குளியலறை வடிகாலில் பந்தாக முடி, மெத்தையில் ஈரம். அவசரப்படவில்லை, வேண்டுமென்று இழுக்கவும் இல்லை. கிறுக்கலைத் துடைக்கவே ஐந்து நிமிடம் போனது. நடுவில் முட்டி மடங்கவில்லை. வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். ஒரு முறை சின்னவர் விரிப்பின் மறுமுனையைப் பிடிக்க வந்தார். "வேண்டாம் சார், கணக்கு கெட்டுப்போகும்" என்றேன்.

முப்பத்து மூன்று நிமிடம். யாரும் கை தட்டவில்லை.

ஜூன் 30, திங்கள்

புதுச் சுற்றறிக்கை. அறைக்கு ஒருவர்தான், ஆனால் முப்பது நிமிடம். என் படத்தை எடுத்துவிட்டார்கள். நாற்பத்தொரு பேரையும் திரும்பக் கூப்பிட்டுக் கடிதம் போயிருக்கிறது.

பயிற்சிக்கு ஹோட்டல் படிப்பு படித்த ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். "ஊர் ஊரா அலைஞ்சது போதும்க்கா" என்றார் சின்னவர். தண்டனையா, அக்கறையா? அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. முதல் ஹோட்டலுக்கே மாடிப் பொறுப்பாளராகப் போகிறேன் என்று கேட்டேன். தலையாட்டினார்.

ஜூலை 20, ஞாயிறு

ஒற்றை அறையும் சமையலறையும் உள்ள வீடு. வாடகைக்கு. மகளுக்கு முகவரி அனுப்பினேன். "இப்பதாம்மா உனக்கு அட்ரஸ்னு ஒண்ணு வந்திருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் பேசினாள்.

திரும்ப வேலைக்கு வந்தவர்கள் முப்பது பேராம். எங்கள் ஹோட்டலில் இரண்டு பேர். ரேடியோ வரவில்லை. வந்தவர்களும் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்லிவிட்டு வேறு பக்கம் நடக்கிறார்கள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மழை. யாரிடமும் பேசவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பதினோரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். வீட்டுக்காரம்மா என்று நினைத்துத் திறந்தேன். ரேடியோ.

"இந்தப் பக்கம் வேலையா வந்தேன்" என்றாள். இந்தப் பக்கம் அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. இது முட்டுச்சந்து.

உள்ளே வந்து சுற்றிப் பார்த்தாள். "ஒரே ஒரு நாற்காலியா?"

"நான் ஒருத்திதானே."

அதில் அவள் உட்கார்ந்தாள். நான் தரையில். குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாம். காலையில் அழுதுகொண்டே வருகிற ஒரு குழந்தை, சாயங்காலம் போகமாட்டேன் என்று அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுகிறதாம். அங்கே உள்ள பொறுப்பாளர் சரியான சிடுமூஞ்சியாம். இரண்டு மணி நேரம். பட்டியலைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை. மன்னித்துவிட்டாளா? அவளிடம் அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு என்னால இவ்வளவு தூரம் அடிக்கடி வர முடியாது. அடுத்த ஞாயிறு நீ வா."

அடுத்த ஞாயிறு எனக்கு வேலை நாள். இருபத்திரண்டு வருடத்தில் லீவு கேட்டு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காரணம் என்று ஓர் இடம் இருக்கிறது.

'தோழி வீட்டுக்குப் போகிறேன்' என்று எழுதினேன்.