நீ லேசுக் குண்டுக்கு மாறிய வருஷம்

மச்சான்,

இன்று காலையில் என் மகன் புதிதாக வாங்கிவந்த ஈயக்குண்டுகளை எவர்சில்வர் தட்டில் கொட்டினான். நான் உள்ளே உட்கார்ந்து பலூன்களை நிறம்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் என் கை நின்றுவிட்டது. பலூன் சுடுகிற என் கடைக்கு வழக்கமாக வாங்கும் குண்டு தட்டில் விழுந்தால் அரிசி புடைக்கிற மாதிரி சலசலவென்று இருக்கும். இது தட்டையே அமுக்குகிற சத்தம்.

"மாத்திக் குடுத்துட்டான்டா. இது கனத்த குண்டு" என்று உள்ளேயிருந்தே சொன்னேன்.

அவன் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு, "ஆமாப்பா, பாக்காமலே எப்புடிச் சொன்னீங்க?" என்றான். ஒரு நொடி நீதான் எதிர்க்கடையில் குண்டு கொட்டுகிறாய் என்று நினைத்துவிட்டேன். அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எழுதி எங்கே அனுப்புவது என்று அவள் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

சவூதியில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன் நீ. மீன் ஏலத்தில் இறங்கு என்று வீட்டில் சொல்ல, நீ இரண்டு ஏர்கன்னும் ஒரு பலூன் பலகையும் வாங்கிக்கொண்டு கட்டுமாவடியிலிருந்து விராலிமலைத் தைப்பூசத்துக்கு வந்து இறங்கினாய். அதுவும் சரியாக என் கடைக்கு எதிரே. நான் அப்போதே அந்த இடத்தில் பழையவன். முதல் நாள் நான் உன் முகத்தையே பார்க்கவில்லை. மறுநாள் நீ மைக்கைப் பிடித்து, "எதுத்தாப்புல இருக்குற மாப்ளே கடையிலயும் சுடுங்க. அங்க பலூனு தானா வெடிக்கும், வெயிலுக்கு" என்றாய். கூட்டம் சிரித்தது. நானும் மைக்கைப் பிடித்தேன். "அங்கிட்டுச் சுடுறவுக சுட்டுப்புட்டுச் சாப்புடப் போயிட்டு வாங்க. மச்சான் குண்டு அதுக்குள்ள பலகைக்குப் போயிச் சேந்துரும்" என்றேன். அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் இந்த மாமன் மச்சான் உறவு. அதற்குப் பிறகு உன் பேரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை.

உன் குண்டு அப்படிக் கனம். கடற்கரைக் காற்றை நினைத்துக் குண்டு வாங்கியவன் நீ. உங்கள் ஊர் தர்காவின் கந்தூரித் திருவிழாவில் பாதி சனமென்றால் மீதி காற்று. அந்தக் காற்றில் லேசுக் குண்டு வழி தவறும், கனத்தது தன் பாட்டுக்குப் போகும். எனக்கு மலையடிவாரம். காற்றை மலை வாங்கிக்கொள்ளும். என் குண்டு லேசு, விசையைத் தொட்டதும் நேர்க்கோடாகப் போய்விடும். உன்னுடையது போகப்போகத் தாழும், ஒரு விரற்கடை மேலே குறி வைக்க வேண்டும். பலூனுக்கு இதெல்லாம் கணக்கில்லை, எங்கே பட்டாலும் வெடிக்கும். ஆனால் நூலில் கட்டித் தொங்கவிட்ட சோடா மூடிக்கு ஒரு விரற்கடை என்பது பெரிய தூரம்.

அந்தச் சோடா மூடிதானே நம்முடைய போட்டி! தைப்பூசத்தில் என் பலகை, கந்தூரியில் உன் பலகை. கடைசி நாள் சாயங்காலம் ஆளுக்கு மூன்று குண்டு. தோற்றவன் மைக்கில் ஜெயித்தவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். சுடுவதைவிட அதைக் கேட்கத்தான் சனம் கூடும். "மாப்ளே நல்லவன். போன வருசம் எங்கிட்ட எரவல் வாங்குன ஏணிய இன்னும் பத்தரமா வச்சிருக்கான்" என்று நீ சொன்னது இந்த ஊரில் இன்றைக்கும் ஓடுகிறது.

நீ என்னிடம் அடிக்கடி சொல்லுவாய்: "குண்டு குழாய விட்டுப் போற வரைக்கும் அது ஒன் கையிலதான் இருக்கு மாப்ளே." கனத்த குண்டு குழாயை விட்டுப் போக ஒரு இமைப்பொழுது கூடுதலாகும். அந்த இமைப்பொழுதுக்கும் உன் கை கல்லாக நிற்கும். அதில் உனக்கு எவ்வளவு பெருமை! என்னைக் கேலி செய்து ஒரு பிடி கனத்த குண்டை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, "ஒரு நாளைக்காச்சும் ஆம்பளையா சுட்டுப் பாரு" என்றாய். அதை நான் கடைப்பெட்டியின் மூலையில் போட்டுவைத்திருந்தேன்.

பல வருஷம் கழித்து, நமக்கு வயசான பிறகு, ஒரு கந்தூரிக்கு வந்தேன். உன் கடைக்குப் பின்னால் என் சாமான்களை இறக்கும்போது நீ தட்டில் குண்டு கொட்டினாய். அரிசி புடைக்கிற சத்தம். எட்டிப் பார்த்தேன். கையில் எப்போதும் இருக்கும் அதே சிவப்பு மூடி டப்பா, கனத்த குண்டு டப்பா. டப்பாவில் என்ன எழுதியிருந்தால் எனக்கென்ன? காது கேட்டுவிட்டது. கடலோரக் காற்றில், உன் சொந்த ஊரில், நீ லேசுக் குண்டு கொட்டுகிறாய். அதையும் யாருக்கும் தெரியாமல் பழைய டப்பாவில் வைத்துக் கொட்டுகிறாய். கை நிற்கவில்லை என்றால்தான் ஒருவன் அப்படி மாறுவான். குண்டு சீக்கிரம் கையை விட்டுப் போனால் போதும் என்று நினைக்கிறவன்தான் மாறுவான். அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. பலூனுக்கு முடிச்சுப் போடுகிற வேலை தங்கச்சி, அதான் உன் பெண்டாட்டி, கைக்குப் போயிருந்தது. நீ ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டே பேசினாய்.

தங்கச்சி எனக்கு டீ கொண்டுவந்தாள். சுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, டீக் கிளாஸ இப்ப அரக் கிளாஸுக்கு மேல ஊத்திக் குடுக்க முடியல. சிந்துது. டாக்டரு நரம்புன்னு சொல்றாரு. இந்த வருசம் போட்டி வேணாம்னு நீங்க சொல்லிருங்க. ஊருக்கு முன்னாடி அவுக அசிங்கப்பட்டா வீட்டுல எந்திரிச்சு நடமாட மாட்டாக."

"நான் சொன்னா ஏன்னு கேப்பானே, தாயி."

"ஏதாச்சும் பொய் சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா கேப்பாக."

வந்து உன்னிடம் பொய் சொன்னேன். கண் மங்குகிறது, இந்த வருஷம் போட்டியை விட்டுவிடலாமா என்றேன். 

"ஒனக்குக் கண்ணு மங்குனா கண்ணாடி போடு. நான் எதுக்குச் சுடாம வீட்டுக்குப் போகணும்? சுட்டுத் தோத்தாத் தோத்துட்டுப் போறேன். சுடாமத் தோக்க மாட்டேன் மாப்ளே." குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னாய்: "விட்டுக் குடுத்தேன்னு தெரிஞ்சுச்சு, அப்புறம் ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

ஒரு பக்கம் தங்கச்சி, ஒரு பக்கம் நீ. டீ ஆறிப்போனது.

சாயங்காலம் கூட்டம் கூடியது. கடலிலிருந்து காற்று குறுக்கே அடித்தது. சோடா மூடி நூலில் அலைந்தது. நீ முதலில் சுட்டாய். முதல் குண்டு பலகைக்கு வெளியே தார்ப்பாயில் போய்த் தைத்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. துப்பாக்கிக் குழாயின் நுனி ஆடுவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

என் முறை வந்தது. என் தட்டில் இருப்பது நான் பழகிய லேசுக் குண்டு. உன் கைக்கோ அது புதுசு. வயசான காலத்தில் நீ ஒரு புதுக் குண்டோடு மல்லுக்கட்டும்போது நான் மட்டும் பழகியதில் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கடைப்பெட்டி மூலையிலிருந்து நீ தந்த கனத்த குண்டை எடுத்தேன். குழாயை மடக்கி வைத்தேன். விட்டுக்கொடுக்கவில்லை மச்சான், அல்லா சாட்சி, உன் அல்லாதான் சாட்சி. மூடியை அடிக்கத்தான், கொஞ்சம் மேலே குறி வைத்தே சுட்டேன். குண்டு அதையும் மீறித் தாழ்ந்து மூடிக்குக் கீழே பலகையில் 'தொப்'பென்று அடித்தது.

அந்தச் சத்தம் உனக்குத் தெரியாதா என்ன? சட்டென்று திரும்பினாய். என் தட்டைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். கோபம் வரும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ, "காது இன்னும் நல்லாத்தான் இருக்கு ஒனக்கு" என்று மட்டும் சொன்னாய்.

உன் இரண்டாவது குண்டும் தவறிப் போனது. என் இரண்டாவது, கீழே. மூன்றாவதுக்கு நீ உடனே சுடவில்லை. கை ஆடுவதை நிறுத்தப் பார்க்காமல் ஆடவிட்டாய். மூடி ஆடுகிறது, குழாய் ஆடுகிறது. ஊஞ்சலில் போகிற பிள்ளையைப் பார்ப்பது மாதிரி இரண்டையும் பார்த்துக்கொண்டே நின்றாய். பிறகு சுட்டாய். 'டிங்' என்றது. மூடி நூலைச் சுற்றிக்கொண்டு சுழன்றது. கூட்டம் கத்தியதில் பின்னால் தங்கச்சி அழுததை வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

என் மூன்றாவது குண்டும் கீழேதான் போனது. ஒரு விரற்கடை. என் கண்ணுக்கு அந்த விரற்கடை கடைசிவரை பழகவில்லை.

மைக் என் கைக்கு வந்தது. நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். மைக்கைத் தட்டிப் பார்த்தேன். நீ மைக்கைப் பிடுங்கினாய். "யாரும் தப்பா நெனைக்காதீக. இன்னைக்கு இவன் எங்குண்டுல சுட்டான், நான் இவங்குண்டுல சுட்டேன். அதனால செயிச்சது இவங்குண்டு, தோத்தது எங்குண்டு. மாப்ளே, இப்ப யாரு யாரப் பத்தி நல்லது பேசணும்?" என்றாய். ஊர் சிரித்தது. ஏன் குண்டு மாறியது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கடையைப் பிரிக்கும்போது சிவப்பு மூடி டப்பாவிலிருந்த லேசுக் குண்டைக் கொட்டிவிட்டு, ஒரு துணி முடிச்சிலிருந்து கனத்த குண்டுகளை அதில் திரும்பப் போட்டாய். போடும்போது சில கீழே சிந்தின. பொறுக்கக் குனிந்த என்னைத் தடுத்து நீயே ஒவ்வொன்றாகப் பொறுக்கினாய். "டப்பா இதுகளோடதுதான். இனிமே எனக்கு ஆகாது. நீ வச்சுக்க."

அடுத்த கந்தூரிக்கு உன் பலகை வரவில்லை. அதற்கடுத்ததற்கு நீ இல்லை. மையவாடியில் உன் குழிக்குப் பக்கத்தில் எனக்கும் வழிவிட்டு ஒரு பிடி மண் போடச் சொன்னார்கள். ஈயம் தொட்டுக் கறுத்த விரல்கள் என்னுடையவை. மண்ணில் அந்தக் கறுப்புத் தெரியவில்லை.

இப்போது ஒவ்வொரு தைப்பூசத்திலும் கடைசி நாள் சாயங்காலம் சோடா மூடியைத் தொங்கவிட்டு, உன் டப்பாவிலிருந்து ஒரே ஒரு குண்டை எடுத்துச் சுடுகிறேன். ஒரு விரற்கடை மேலே குறி வைக்கிறேன், நீ வைப்பது போல. போன வருஷம் அதுவும் தார்ப்பாயில் போய்த் தைத்தது. மகன் பார்த்துவிட்டான். "அப்பா, லேசுக் குண்டுல சுடுங்களேன்" என்றான். அவனுக்கு என்ன தெரியும்? உனக்காவது கனத்திலிருந்து மாறிக்கொள்ள ஒரு லேசு இருந்தது. நான் ஆரம்பத்திலிருந்தே லேசில் நின்றவன். அதற்குக் கீழே எனக்கென்று யாரும் எந்தக் குண்டும் செய்யவில்லை, மச்சான்.

உன் டப்பா இன்னும் தீரவில்லை. முன்பெல்லாம் குண்டு இருக்கிறதா என்று பார்க்க அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். இப்போது ஆட்ட வேண்டியதில்லை. கையில் எடுத்தாலே சத்தம் வருகிறது.