வாரேன் என்றவர் வாரண்ட் ஆன கதை

கருமத்தம்பட்டி
9.1.97

அன்பு மகள் மதிவதனிக்கு அம்மா மாசாணியம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், இந்த முறை நலம் என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது. டில்லிக் குளிரில் நீ நலமா, ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி குறைந்ததா. கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாதே கண்ணு. என் வலது கையில் மாவுக்கட்டு. நான் சொல்லச் சொல்ல உன் தம்பி ரூபன் எழுதுகிறான். சொன்னதை மட்டும் எழுது என்று சொல்லியிருக்கிறேன். (அக்கா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான். அம்மாவுக்குக் கையில் கட்டு, எனக்கு வாயில் கட்டுப்பாடு.)

காலாண்டுப் பரீட்சையில் இவன் இங்கிலீஷில் தோற்றதும் உங்கப்பா கிரிக்கெட் மட்டையை ஒடித்து அடுப்பில் வைத்தது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு இவனுடைய வாத்தியார் பாலுசாமி சார் என்னைக் கூப்பிட்டு, ஏனுங்கம்மா, பத்தாவது பையன்கிட்ட வெளையாட்டைப் புடுங்குனா படிப்பும் சேர்ந்து போயிருமுங்க, வெளையாட்டுக்குள்ள இங்கிலீசை உட்டுப்பாருங்க என்றார். வீட்டுச் சாமானுக்கெல்லாம் சாக்பீஸில் பேர் எழுதட்டும், நடக்கிற சேதியையும் இங்கிலீஷிலேயே எழுதிவைக்கட்டும் என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. இவன் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் போட்டு வேடிக்கை காட்டினான். கதவில் வீட்டைச் சொல்ல ஊடு என்று எழுதினான், சார் வந்து பார்த்துவிட்டு, அந்த இங்கிலீஷுக்கு மரம்னு அர்த்தம், கதவும் மரந்தான, சரியாத்தான் எழுதிருக்கான் என்று சிரித்தார். (மோர்ச்சட்டியில் மோர் என்று எழுதினேன். இங்கிலீஷில் அதற்கு இன்னும் வேணும் என்று அர்த்தம். அப்பா உண்மையிலேயே இன்னும் கேட்டார்.) சிரிப்பும் படிப்புமாக அரையாண்டில் இவன் தேறியும்விட்டான் மதி, அதை மறக்காமல் மனசில் வை.

நீ டில்லி போன ஆடி மாசம், பொட்டப்புள்ளையை அத்தனை தூரம் அனுப்புவாங்களா என்று கேட்ட உன் கந்தப்பன் மாமாவை உங்கப்பா கன்னத்தில் அறைந்ததும், உன்னயக் கம்பி எண்ண வைக்கறேன் பாரு என்று சொல்லிப்போட்டு என் அண்ணன் மேட்டுப்பாளையம் பஸ் ஏறியதும் உனக்கு ஞாபகம் இருக்கும். அன்றிலிருந்து போக்குவரத்தே இல்லை. போன சனிக்கிழமை அண்ணனே மளிகைக்கடைக்குப் போன் போட்டு ரூபனைக் கூப்பிடச் சொல்லி, ஞாயித்துக்கிழமை வாரேன்னு அம்மாகிட்டச் சொல்லு கண்ணு என்றிருக்கிறார். இவன் என்னிடம் சொன்னான், காலையில் உங்கப்பாவிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்று நான் இருந்துவிட்டேன். இவனோ அதற்குள் கதவில் 'மாமா சண்டே வாரண்ட்' என்று இங்கிலீஷில் எழுதிவிட்டுப் பந்து விளையாடப் போய்விட்டான். (வாரேன் என்பதற்கு அதைவிட நல்ல சொல் கிடைக்கவில்லை அக்கா. சண்டே என்று எழுதினேன், சண்டையாக நடந்துவிட்டது.) இங்கிலீஷ் தெரியாத உங்கப்பா அதைத் தறிப்பட்டறைக் கணக்கு எழுதும் வேங்கடசாமியிடம் காட்டியிருக்கிறார். அவர், உங்க மச்சான் ஞாயித்துக்கிழமை வாரண்டோட வாராராட்ட இருக்குதுங்க என்று சொல்லிவிட்டார். உங்கப்பா வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஞாயிறு காலையில் நான் எழுவதற்கு முன்பே அவர் நால்ரோட்டில் சவுக்குக் கட்டையோடு போய் நின்றிருக்கிறார். அண்ணன் பஸ் படியிலிருந்து ஒரு கால்தான் கீழே வைத்தாராம், முதல் அடி நெற்றியில் விழுந்தது. கேரட்டும் பீன்ஸுமாகக் கொண்டுவந்த பை ரோட்டில் சிதறி லாரிச் சக்கரத்தில் கூழாயிற்று. அண்ணனும் சும்மா இருப்பவரா, காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிற கொக்கி எப்போதும் இடுப்பில் இருக்குமே, அதை எடுத்து உங்கப்பா தோளில் போட்டு இழுத்ததில் சதை கிழிந்து தொங்கிற்று. சேதி கேட்டு நான் ஓடிப் போனபோது ரெண்டு பேரும் மண்ணில் உருண்டுகொண்டிருந்தார்கள், எந்த ரத்தம் யாருடையது என்று தெரியவில்லை. நாலு பேர் பிடித்து இழுத்தபிறகு அண்ணன் கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தபடி, ஏனுங்க மாப்ளை, பொங்கலுக்கு அழைச்சுட்டுப் போலாம்னு வந்ததுக்கு இதானுங்களா என்று கேட்டார். வாரண்ட் எங்கடா என்று இவர் கேட்க, வாரேன்னுதான சொன்னேன் என்று அவர் சொல்ல, கூட்டத்தில் எவனோ சிரித்துவிட்டான். அடிகூட ஆறியிருக்கும் மதி, அந்தச் சிரிப்புதான் உங்கப்பாவுக்கு ஆறவில்லை. அதே கட்டையோடு நேராக வீட்டுக்கு வந்து இவனை முதுகிலும் முழங்காலிலும் அடித்தார். மண்டைக்கு ஓங்கினதைப் பின்னாலேயே ஓடி வந்த நான் கை நீட்டித் தடுத்தேன். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. (பத்தாவது படிக்கிறவனுக்கு அடி பத்தாது என்றார். அந்தச் சத்தத்துக்குப் பிறகு கட்டையைக் கீழே போட்டுவிட்டார்.)

அண்ணனுக்குத் தலையிலும் உங்கப்பாவுக்குத் தோளிலும் தையல். ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம் பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டேன் என்றே சொல்லிவிட்டார். இவனுக்கு இனிப் படிப்பு வேண்டாம் என்று வாசலில் கத்திக்கொண்டிருந்த உங்கப்பாவைப் பார்த்து, பையனைப் படிப்பை உட்டு நிறுத்துனீங்கன்னா மட்டும் நெசத்தைச் சொல்லிப்போடுவேனுங்க மாப்ளை என்றார். உங்கப்பாவோ, செயிலுக்குப் போனாலும் போறேன், இந்த நாய் இனிப் பள்ளிக்கூடம் போவாது என்று வீட்டுக்கு வந்து புத்தகத்தையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். பொங்கல் முடிந்த மறுநாளே இவன் தறிக்குப் போக வேண்டுமாம். (தறுதலை என்று திட்டினவர் இப்போது தறியில் தலையை வைக்கச் சொல்கிறார்.) மார்ச்சில் பரீட்சை. பாலுசாமி சார் வேறு புத்தகம் தருகிறேன் என்கிறார், ஆனால் இவன் வாசற்படி தாண்டினால் காலை ஒடிப்பேன் என்கிறார் உங்கப்பா.

அம்மணி, உன் கடிதத்தை மட்டும்தான் உங்கப்பா ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்பார். நீ அவர் பேருக்கே எழுது, பொங்கல் முடிவதற்குள் வந்து சேரும்படி எழுது. இவன் செய்தது தப்பில்லை என்று எழுதாதே, தப்புதான். இன்னொருத்தர் சேதியில் விளையாடக் கூடாது என்று நானும் இவனுக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் விளையாடியதால்தான் தேறினான், அடித்ததால் தேறவில்லை என்பதை எழுது. அக்காவிடம் நீயே ஒரு வரி இங்கிலீஷில் கேள், விளையாட்டு இல்லாமல் கேள் என்று இவனிடம் சொல்லிவிட்டேன்.

(அக்கா, ஐ வான்ட் டு ரைட் மை எக்ஸாம். ப்ளீஸ் டெல் அப்பா.)

மாசாணியம்மன் உன்னைக் காப்பாள். சளி பிடித்தால் ஐஸ் தண்ணீர் குடிக்காதே. இதை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன், கிடைத்த அன்றே பதிலையும் அப்படியே போடு.

இடது கையால் கோணலாகக் கையெழுத்திடும்,
உன் அம்மா
அ. மாசாணியம்மாள்