‘சடன்லி’ என்று எழுத மறுத்தேன்

பிரியமுள்ள சங்கரலிங்கம் மச்சானுக்கு,

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. பீர்மேட்டில் மழை விடவில்லை. உன் தங்கை வடிவு சமைக்கிறாள், துவைக்கிறாள், விளக்கேற்றுகிறாள். இன்னும் அழவில்லை. நானும்தான். எங்களுக்கு என்ன ஆயிற்று மச்சான்?

தேயிலைத் தோட்ட ஆபீசில் உன் நாற்காலி அப்படியே கிடக்கிறது. நம் இருவரில் நீதான் இங்கிலீஷில் கெட்டி. கூலியாட்கள் குடியிருக்கும் லயங்களில் காய்ச்சல் பரவியபோது, தோட்டத்திலேயே ஒரு டாக்டர் தங்க வேண்டுமென்று துரைக்கு மனு எழுதினோமே. நான் எழுதியதில் ‘ஹம்ப்ளி’, ‘ரெஸ்பெக்ட்ஃபுல்லி’, ‘எக்ஸ்ட்ரீம்லி’ எல்லாம் ஒரே வரியில் நின்றன. படித்துவிட்டுச் சிரித்தாய்.

“ஏ மாப்ள, வினைச்சொல்லு ஒண்ணு. அதுக்குத் தொணைக்கு இத்தன பேரா? ஒருத்தன் போதும். அவனும் சரியான ஆளா இருக்கணும்.”

‘வெரி’யை எல்லாம் அடித்தாய். காய்ச்சல் மிகக் கடுமை என்று நான் எழுதிய இடத்தில், எந்த லயத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்று எழுதினாய். ‘ஒன்லி’யை நான் வாக்கியத்தின் தலையில் வைத்திருந்தேன். டாக்டர் ஒருவர்தான் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், வேறு யாரும் வருவதில்லை என்பதுபோல் ஆகிவிட்டது. அதை எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்குப் பக்கத்தில் வைத்தாய்; டாக்டர் ஞாயிறு மட்டும்தான் வருகிறார் என்று சரியானது.

“நம்ம ‘மட்டும்’ சொல்லோட ஒட்டிக்கிடும். இது அலையும். நாமதான் புடிச்சு உக்கார வைக்கணும்.”

மனுவுக்குப் பதில் வருமுன் நீ படுத்தாய். டாக்டர் வந்துபோன மறுநாள், திங்கட்கிழமை. “டாக்டர் வந்தாச்சா?” என்று வடிவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாய். வியாழனுக்குப் பிறகு கேட்கவில்லை. சனிக்கிழமை போய்விட்டாய்.

கம்பெனிக்கு உன் சாவைத் தெரிவிக்கத் துரை என்னைக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் அவருக்கு நம் பேச்சு வந்துவிட்டது.

“காய்ச்சல்ல சடன்லி செத்தான்னு எழுது, முத்தையா.”

“திடீர்னு சாகல தொரை. சனிக்கிழம வரைக்கும் கெடந்தான்.”

“ஒரு வார்த்தைதானே? அது இருந்தா கம்பெனி கேள்வி கேக்காது.”

“அத என்னால எழுத முடியாதுங்க.”

எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஆறு நாள் காய்ச்சலில், டாக்டர் பார்க்காமல் இறந்தான் என்று எழுதி நீட்டினேன். துரை அதைக் கிழித்தார். ‘சடன்லி’ போட்டுத் தானே ஒன்று எழுதி அனுப்பினார். மறுநாள் என்னை ஆபீசிலிருந்து எடுத்து, கொழுந்து நிறுக்கும் இடத்தில் போட்டார்கள். கிழித்ததையே மறுபடி எழுதி, என் பெயரைப் போட்டுக் கம்பெனிக்குத் தபாலில் சேர்த்தேன்.

போன வாரம் ஒரு டாக்டர் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார். இங்கேயே தங்கப் போகிறாராம். நம் மனுவாலா, என் தபாலாலா, யார் கண்டது? வடிவிடம் சொன்னேன். “சரி,” என்றாள். உலையில் அரிசி போட்டாள்.

உன் அம்மாவுக்குச் செய்தி மட்டும் ஆள் மூலம் போயிருக்கிறது. மழை விட்டதும் வடிவைக் கூட்டிக்கொண்டு மலையிறங்குகிறேன். “எம்புள்ள எப்படிய்யா போனான்?” என்றுதான் முதலில் கேட்பாள். பக்கத்தில் உட்கார்ந்து, திங்கள் முதல் சனி வரை உள்ளதைச் சொல்வேன் மச்சான். எதையும் விட மாட்டேன்.

உன் தங்கையைக் கட்டியவன்,
முத்தையா